சாவி யார் கையில்?



கிராம முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்காத நாள் நமக்கு உண்டா? மேடையில் கேட்கிறோம், சுவரில் படிக்கிறோம், கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசும் வாங்குகிறோம். ஆனால் முன்னேற்றம்னா என்னப்பா என்று யாராவது கேட்டால், ரோடு வந்தது, கரண்ட் வந்தது, டேங்க் வந்தது என்று பட்டியல் போடுகிறோம். வந்தது சரி. பழுதானால் யார் பார்ப்பது? மோட்டார் ரூம் சாவி யார் கையில் இருக்கிறது? ஒரு கிராமம் முன்னேறியதா இல்லையா என்று அளக்க என்னிடம் உள்ள அளவுகோல் இந்த ஒரு கேள்விதான்.

நம்ம ஊரை வைத்து இதைச் சொன்னால், தம்பி கட்சி பேசுறான் என்பார்கள். ஆகவே கடல் கடந்து இந்தோனேசியா வரை போய் வருவோம், வாருங்கள்!

பதினேழாயிரம் தீவுகளுக்கு மேல் உள்ள நாடு அது. கிராமத்துக்கு அங்கே 'தேசா' என்று பெயர். நம்ம 'தேசம்' என்ற சொல்லும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரில் முளைத்தவை. ஊரையே தேசம் என்று அழைத்த மக்கள்! ஜாவாவின் மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல், வாய்க்கால், தென்னை, வாழை, கொல்லையில் ஆடு, கோழி. வீடு கட்டவோ வாய்க்கால் தூர் வாரவோ ஊரே திரண்டு வரும். அந்தப் பழக்கத்துக்குக் 'கோத்தோங் ரோயோங்' என்று பேர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

இந்த ஊர்களுக்கு முன்னேற்றம் இரண்டு விதமாக வந்தது. மேலிருந்து வந்தது ஒன்று, ஊர் தன் கையில் எடுத்துக்கொண்டது இன்னொன்று. மேலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1973 முதல் ஆறே ஆண்டுகளில் அந்த அரசு 61,000-க்கும் அதிகமான ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது. பெட்ரோல் விற்ற பணம் பள்ளிக்கூடமாக மாறியது! அந்தப் பள்ளிகளால் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்து எழுதினார். அவர் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதன் அருமை எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் நெல் வயலில் நடந்த கதை வேறு. புது விதை, உரம், பூச்சி மருந்து எல்லாம் மேலிருந்தே வந்தன. 1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது, உலகமே கைதட்டியது. இரண்டே வருஷத்தில் புகையான் வந்து ஜாவா வயல்களைக் கருக்கியது! மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. ஏன்? மருந்து புகையானை மட்டும் கொல்லவில்லை. புகையானைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றது. போலீஸைக் கொன்றுவிட்டுத் திருடனைப் பிடிக்க முடியுமா? அந்த மருந்தை மலிவு விலையில் கொடுத்ததே அரசாங்கம்தான். 1986 நவம்பரில் அதே அரசாங்கம் 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது.

அதற்கப்புறம் செய்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். 1989-ல் 'வயல்வெளிப் பள்ளி' தொடங்கினார்கள். சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு நாள், ஒரு போகம் முழுக்க. கரும்பலகை கிடையாது, பிரசங்கம் கிடையாது. வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணுவார்கள், சிலந்தியை எண்ணுவார்கள், பார்த்ததைப் படமாக வரைவார்கள். மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே பேசி முடிவெடுப்பார்கள். 1990-களில் லட்சக்கணக்கான விவசாயிகள் இப்படிப் படித்தார்கள். அவர்களில் பலர் அடுத்த ஊருக்கு வாத்தியாராகவும் போனார்கள். சாவி கை மாறியது!

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். மேற்கு ஜாவாவில் சுபாங் மாவட்டத்தில் சிந்தா மெக்கார் என்று ஒரு கிராமம். 2004-ல் அங்கே 120 கிலோவாட் சிறு நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இபேகா என்ற தொண்டு நிறுவனம் முன்னின்று செய்தது. அதன் தலைவி திரி மும்புனி 2011-ல் மகசேசே விருது பெற்றவர். இதில் டெக்னாலஜி பெரிய அதிசயம் இல்லை. தண்ணீரின் அளவு, விழும் உயரம், 9.81, இவற்றைப் பெருக்கினால் வந்துவிடும். வினாடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் விழுந்தால் கிட்டத்தட்ட 20 கிலோவாட். டர்பைனும் ஜெனரேட்டரும் தின்றது போக 12 தேறும். நாம் பரீட்சையில் போட்ட கணக்குதானே!

அதிசயம் பங்குக் கணக்கில் இருக்கிறது. மின் நிலையத்தில் பாதிப் பங்கு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மீதி ஒரு தனியார் கம்பெனிக்கு. கரண்டை அரசு மின்வாரியத்துக்கு விற்கிறார்கள். சிறு மின் நிலையங்களிடம் வாரியம் வாங்க வேண்டும் என்று 2002-ல் வந்த ஆணை அதற்கு வழி திறந்தது. ஊர்ப் பங்கில் வந்த பணத்தில் ஏழை வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தார்கள், பிள்ளைகள் படிப்புக்கும் கொடுத்தார்கள். நம்ம மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியும் 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டு, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஆக, நடக்காத கதை ஒன்றும் இல்லை.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தோனேசிய மலைகளில் இப்படிக் கட்டிய பல சிறு மின் நிலையங்கள் பழுதாகி நின்றுபோயின. ராத்திரி ஊர் தூங்கினால் லோடு குறையும், டர்பைன் தறிகெட்டு ஓடும். அதைத் தடுக்கும் கண்ட்ரோலரில் ஒரு கார்டு போனால் மாற்றத் தெரிந்தவன் ஊரில் இல்லை. மாதச் சந்தாவும் ஒழுங்காக வசூலாகவில்லை. கட்டியவர் திறப்பு விழா போட்டோவோடு போய்விட்டார்.

பணம் இருந்தால் போதுமா? 2014-ல் அவர்கள் கிராமச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015 முதல் மத்திய அரசுப் பணம் தேசாக்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. சுமார் 75,000 தேசாக்களுக்கு முதல் வருஷம் 20 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல்! (அவங்க ரூபியா நம்ம ரூபாயை விட மதிப்பில் ரொம்பச் சின்னது, மயங்கி விழ வேண்டாம்.) ரோடும் பாலமும் வந்தன, உண்மை. பணத்தைச் சாப்பிட்டு ஜெயிலுக்குப் போன கிராமத் தலைவர்களும் உண்டு. 2024-ல் தலைவர் பதவிக் காலத்தை ஆறிலிருந்து எட்டு வருஷமாக நீட்டினார்கள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் ஆள் இல்லாவிட்டால், ஊர்ப் பணம் என்பது தலைவர் பணம்தான்.

ஆக என் வாதம் இதுதான். மேலிருந்து வரும் பணமும் வேண்டும், பொருளும் வேண்டும். ஆனால் சர்க்யூட்டும் கணக்கும் தெரிந்த நாலு பேர் ஊரிலேயே இல்லாவிட்டால் ரெண்டும் நிற்காது. அந்த நாலு பேர் யார்? டிப்ளமோக்காரன்தான் நண்பர்களே!

"அப்போ வேலைக்குப் போகாம ஊரிலேயே உட்காரச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்க அப்பா கைநாட்டு. என் முதல் சம்பளத்தை நம்பி வீட்டில் கடன் இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வந்தால் நானும்தான் பஸ் ஏறுவேன். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வருஷம் நம் கையில் இருக்கிறதே!

இறுதியாண்டு ப்ராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிப் பெயின்ட் அடித்து, வைவா முடிந்ததும் பரணில் போடுகிற மாடல் யாருக்குப் பயன்? அதற்குப் பதில் ஒவ்வொரு குழுவும் ஒரு கிராமத்துக் குடிநீர் மோட்டாரை எடுப்போம். ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், எர்த் எல்லாம் சோதிப்போம். வயரிங் படத்தைத் தமிழில் எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டுவோம். ஊரில் ஒரு தம்பிக்கும் ஒரு தங்கச்சிக்கும் ஃபியூஸ் போட, மீட்டர் படிக்க, லாக்-புக் எழுதச் சொல்லிக்கொடுப்போம். நமது மாணவர் சங்கம் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு, துறைத் தலைவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சிலந்தியை எண்ணக் கற்றுக்கொண்ட ஜாவா விவசாயிக்கு அதன் பிறகு யாரும் மருந்தை ஏமாற்றி விற்க முடியவில்லை. மீட்டர் படிக்கத் தெரிந்த ஊரையும் யாரும் ஏமாற்ற முடியாது. படித்தவன் பட்டணம் போகட்டும், தப்பில்லை. போகிறபோது சாவியை ஊரில் கொடுத்துவிட்டுப் போகட்டும்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை