பெயரளவுக்குப் பன்னிரண்டு

மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கைபேசிக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் பெறும் சுற்று, பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் மாணவர் செய்திட்டமாக வந்து போகிறது. எளிய வேலை என்று பலரும் கருதுவதால் மதிப்பெண்ணும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்தச் செய்திட்டத்தின் தலைப்பிலேயே ஒரு மறுப்பு உண்டு. அதிலுள்ள 12 என்ற எண் உண்மையன்று.

மொழியியல் ஆய்வாளருக்கு இங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பெயருக்கும் பெயரிடப்பட்ட பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பது எங்கள் துறையின் அன்றாடத் தொழில். பேட்டரியின் மீது அச்சிடப்பட்டிருப்பது பெயரளவு மின்னழுத்தம். 'பேருக்குச் செய்தான்' என்று வீட்டில் சொல்லும்போது நாம் என்ன பொருள் கொள்கிறோமோ, ஏறக்குறைய அதுவே இங்கும் பொருள். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு நேர்மையான சொல் அரிதாகவே வாய்க்கிறது. வகுப்பறையில்தான் அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஈயஅமில பேட்டரியில் ஆறு செல்கள். முழுதும் ஏறிய செல் ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆக, ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். எஞ்சின் ஓடி மின்னேற்றம் நடக்கும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தும் கணத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரியக்கூடும். ஓய்வில் மிகச் சரியாக 12 வோல்ட் காட்டும் பேட்டரி, பெரும்பகுதி தீர்ந்துபோன பேட்டரி. செய்திட்ட அறிக்கைகள் அடிப்படையாகக் கொள்ளும் அந்த எண், நலமான வாகனத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்து செல்லப்படும் ஓர் எண் மட்டுமே.

இதுவரை சொன்னவை சிறிய விலகல்கள். பெரிய சிக்கல் மேக்னட் காயிலில் இருக்கிறது. நிலைக்காந்தம் சுழல்வதால் பிறக்கும் மின்னழுத்தம் எஞ்சினின் வேகத்தோடு உயரும். சுமையில்லாதபோது பல பத்து வோல்ட் வரை போகும். ரெகுலேட்டர் மிகையானதைக் குறுக்கே வெட்டிவிட, மிச்சமுள்ள ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி ஒரு குளம்போல ஏற்றுக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனையின் திருகு தளர்ந்து இணைப்பு விட்டுப்போனால் குளம் இல்லை. அந்த எழுச்சி முழுவதும் சுற்றின் வாசலுக்கு வரும். கார்களுக்கான ஐ.எஸ்.ஓ. 16750-2 தரநிலை, தணிப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இந்த எழுச்சியை 79 முதல் 101 வோல்ட் வரை, 400 மில்லிவினாடிகள் வரை நீடிப்பதாக வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. இருசக்கர வாகனத்தின் மின்னாக்கி சிறியது; அந்த எண்களை அப்படியே அதற்குப் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் பேட்டரியும் சிறியது, அதன் திருகுகள் ஓயாமல் அதிர்கின்றன.

இந்த வாசலில் நாம் எதை நிறுத்துகிறோம்? சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலும் எல்.எம். 2596 அல்லது எம்.பி. 1584 சில்லு இருக்கும். முன்னதன் உள்ளீட்டு எல்லை 40 வோல்ட், பின்னதற்கு 28. எழுச்சியைத் தடுக்க 24 வோல்ட் டி.வி.எஸ். டையோடு ஒன்றைச் சேர்க்கிறோம் என்று கொள்வோம். அது முழு மின்னோட்டத்தில் ஏறத்தாழ 39 வோல்ட் வரை உள்ளே விட்டுத்தான் பிடித்து நிறுத்தும். முதல் சில்லு மயிரிழையில் பிழைக்கும். இரண்டாவது, காவலாளி நின்றுகொண்டிருக்கும்போதே இறக்கும். இந்த ஒரு கணக்கு நான் பார்த்த அறிக்கைகளில் இல்லை. அவற்றில் பக்கம் பக்கமாக இருப்பது மின்தூண்டியின் கணக்கு. 14 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 150 கிலோஹெர்ட்ஸ், 2 ஆம்பியரில் முப்பது விழுக்காடு அலைவு என்றால் சுமார் 36 மைக்ரோஹென்றி. கடையில் 33 அல்லது 47 வாங்கலாம். அரை நிமிட வேலை.

சொல் பற்றிய இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளிப் பாடநூலில் 'இறக்கு' என்றால் இறக்கு மின்மாற்றி. அது நேர்மின்னோட்டத்தில் இயங்காது. ஆகவே சில மாணவர்கள் நேரே 7805-க்குப் போகிறார்கள். அது இறக்குவதில்லை, எரிக்கிறது: 14 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் 5 வாட் கைபேசிக்கு, 9 வாட் வெப்பத்துக்கு. நிலைமாற்றி முறையில் இயங்கும் பக் கன்வெர்ட்டரே தக்கது. அதில் கருத்து வேறுபாடு இல்லை.

அதிகம் பேசப்படாத மற்றொன்று, சும்மா இருக்கும்போது சுற்று குடிக்கும் மின்னோட்டம். எல்.எம். 2596 சுமையின்றியும் ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் எடுக்கும். மேசையில் அது ஒன்றுமில்லை. பேட்டரியோடு நேரே இணைத்த வாகனத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்தால் 720 மணி நேரம், 3.6 ஆம்பியர்-மணி. நம் 100 சிசி வண்டிகள் பலவற்றின் பேட்டரியே அந்த அளவுதான். சாவிக்குப் பின்னுள்ள கம்பியில் இணைத்தால் சிக்கல் தீர்ந்தது. பொருத்துபவர் இதை அறிவார். வடிவமைப்பவரின் வரைபடத்தில் சாவி இருப்பதில்லை.

பொருத்துபவர் அறிந்தது இன்னும் பல. 2017-இல் முகப்பு விளக்கு எப்போதும் எரிவது கட்டாயமாவதற்கு முன்பு வந்த பல சிறு வண்டிகளில், அந்த விளக்குக்கு மேக்னட் காயிலிலிருந்து நேரே மாறுமின்னோட்டம் போகும். அந்தக் கம்பியில் கைபேசிச் சுற்றை இணைக்கக் கூடாது என்பதைச் சாலையோர மின்பணியாளர் 'அது ஏசி லைன்' என்ற மூன்று சொற்களில் சொல்லிவிடுவார். எந்தக் கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவரிடம் முழு இலக்கணமே இருக்கிறது, எழுத்தில் இல்லை. சில்லுகளின் தரவுத்தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை அவரிடம் போவதில்லை. இரண்டையும் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் மாணவர். அவரை நாம் ஆய்வக மின்வழங்கியின் முன் உட்கார வைத்து, குமிழை 12-இல் நிறுத்திவிடுகிறோம்.

இதனால் யாருக்கு நட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் வாழும் ஐதராபாத்தில் உணவும் பொட்டலங்களும் கொண்டு செல்லும் தொழிலாளரின் கைபேசிதான் அவருடைய வழிகாட்டி, வருகைப்பதிவேடு, கூலிக்கணக்கு. சுற்றின் மேற்பக்க சுவிட்ச் பழுதாகிக் குறுக்கிணைந்துவிட்டால், 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் துளைக்குப் பேட்டரியின் 14 வோல்ட் அப்படியே போகும். சில நூறு ரூபாய்ச் சுற்று, தவணையில் வாங்கிய கைபேசியைத் தின்றுவிடும். வெளியீட்டில் ஒரு பாதுகாப்பு டையோடும் உள்ளீட்டில் ஒரு ஃபியூஸும் இருந்தால் ஃபியூஸோடு போயிருக்கும். விலையைக் குறைக்க முதலில் கழற்றப்படுபவை இவையே.

விற்பவர் உறையின் மீது '12–24 வோல்ட்' என்று எழுதினால் போதாது. எவ்வளவு எழுச்சியை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் எழுதக் கடமைப்பட்டவர். அதைச் சட்டம் வழியே பெறக் காலமாகலாம். கல்லூரித் தேர்வறையில் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாணவர் சுற்றைக் காட்டும்போது, தேர்வாளர் மின்வழங்கியை 12-இல் வைக்க வேண்டாம். 8-க்கு இறக்கட்டும், 15-க்கு ஏற்றட்டும், முனைகளை மாற்றி இணைக்கட்டும், பிறகு ஒரு கணம் 40-ஐக் கொடுக்கட்டும். ஓடும் வண்டியில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், பி.எஸ். 6 வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி சுற்றைவிடப் பன்மடங்கு விலை. மேசையிலேயே செய்யலாம். புகை வந்தால், மதிப்பெண் குறைக்காமல், ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்.