சேம்சைடு கோல்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நம் பேச்சில் 'சேம்சைடு கோல்' என்றொரு தொடர் புழங்குகிறது. பட்டிமன்றத்தில் தன் அணியையே மறுத்துப் பேசிவிடுபவனும், வீட்டு ரகசியத்தை விருந்தாளியிடம் உளறிவிடும் தம்பியும் சேம்சைடு கோல் போட்டவர்களே! கால்பந்தாட்டமே பார்த்திராத என் அம்மாகூட இதைச் சொல்வார்கள். சொல்லிச் சிரிப்பதோடு நின்றால் குற்றமில்லை. ஆனால், மைதானத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு கோல் விழக் காரணமானவனுக்கு அதையே பெயராகச் சூட்டி, அவன் வகுப்பில் நுழையும் போதெல்லாம் அழைப்பது என்ன நியாயம்? இக்கேள்வியைத்தான் நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உலகறிந்த ஒரு கதை உண்டு. அமெரிக்கரின் கால்பந்து நம்முடையதைப் போன்றதன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓடவேண்டும். 1929 ஜனவரி முதல் நாள், பாசடீனா நகரின் ரோஸ் பௌல் அரங்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக் கல்லூரியும் மோதின. ஜார்ஜியா டெக் நழுவவிட்ட பந்தைக் கலிபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் பாய்ந்து எடுத்தார். எடுத்தவர், ஆட்கள் மறித்த நெருக்கடியில் திசை மாறி, தன் அணியின் எல்லையை நோக்கியே ஓடத் தொடங்கிவிட்டார். ஏறத்தாழ 65 கெஜம்! பின்னால் அவர் அணித்தோழர் பென்னி லாம் கத்திக்கொண்டே துரத்தினார். ஆயிரக்கணக்கானோரின் கூச்சலில் அக்குரல் காதில் விழவில்லை. எல்லைக்கு ஒரு கெஜம் இருக்கும்போதுதான் ஓட்டம் நின்றது. அடுத்த உதையை எதிரணி தடுத்ததில் இரண்டு புள்ளிகள் போயின. ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா டெக் 8, கலிபோர்னியா 7.

இடைவேளையில் ரீகல்ஸ், இனி ஆடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் அவரை விடவில்லை. ஆட்டத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லி, முதல் பாதியில் ஆடியவர்களையே திரும்ப இறக்கினார். ரீகல்ஸ் இறங்கினார், நன்றாகவும் ஆடினார். என்னை வியக்க வைத்தது இதுவன்று. அடுத்த பருவத்திற்கு அணித்தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்! பயிற்சியாளர் ஒருவனை மைதானத்தில் இறக்கிவிடலாம். அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்பது உடன் ஆடுபவர்களின் கையில்தான் இருக்கிறது.

அதே ரோஸ் பௌல் அரங்கில், 1994 ஜூன் 22 அன்று, உலகக் கோப்பை ஆட்டமொன்றில் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் அமெரிக்காவின் பந்தைத் தடுக்கச் சறுக்கிப் பாய்ந்தார். பந்து தம் வலைக்குள்ளேயே போய்விட்டது. பத்து நாள் கழித்து, மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. ஒரே மண்ணில் நிகழ்ந்த இரண்டு பிழைகளில் ஒன்றுக்குத் தலைமைப் பதவி, மற்றொன்றுக்குத் துப்பாக்கிக் குண்டு! பிழைகளில் அப்படியொன்றும் பெரிய வேற்றுமை இல்லை, சுற்றியிருந்தவர்களில்தான் வேற்றுமை.

நம் நாட்டுக்கே வருவோம். 2023 ஜூன் 27 அன்று பெங்களூர் கண்டீரவா அரங்கில் தெற்காசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா குவைத்தை 1-0 என்று வென்றுகொண்டிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், குவைத் வீரர் உள்ளே அடித்த பந்தை வெளியேற்ற முயன்ற அன்வர் அலியின் காலில் பட்டு அது இந்திய வலையில் புகுந்தது. 1-1. அன்வர் அலி சாதாரணமாக அந்த இடத்திற்கு வந்தவர் அல்லர். 2019-இல் இதயக் கோளாறு கண்டறியப்பட்டு, ஆடக்கூடாதென்று நிறுத்தி வைக்கப்பட்டு, நீதிமன்றப் படியேறித் திரும்பி வந்தவர். அவரை ஒதுக்கிவிடவில்லை. ஜூலை 4 அன்று அதே அரங்கில், அதே குவைத்தை எதிர்த்த இறுதியாட்டத்திலும் தொடக்கப் பதினொருவரில் அவர் பெயர் இருந்தது. பெனால்டி உதைகளில் 5-4 என்று இந்தியா கோப்பையை வென்றது.

வேண்டுமென்றே தன் வலையில் அடிப்பவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. 1998 டைகர் கோப்பையில், வென்றால் அரையிறுதியில் வியட்நாமைச் சந்திக்க நேரும் என்று அஞ்சி, இந்தோனேசியாவின் முர்சித் எஃபென்டி தன் வலையிலேயே பந்தைத் தள்ளினார்; தண்டிக்கப்பட்டார். அது சூழ்ச்சி. தடுக்கப் போனவனின் காலில் பட்டு உள்ளே போவது சூழ்ச்சி ஆகாது. தடுக்கவே போகாமல் ஒதுங்கி நின்றவனுக்கு இந்தப் பழி ஒருநாளும் வராது என்பதையும் எண்ணிப் பாருங்கள். (ஃப்ரீ கிக் அடிக்கும் ஒருவன் பந்தை நேரே தன் வலைக்குள்ளேயே அடித்துவிட்டால் கோல் இல்லை, கார்னர்தான் என்கிறது ஆட்ட விதி. விதிப் புத்தகத்துக்கு உள்ள இரக்கம்கூடப் பார்வையாளருக்கு இல்லை!)

நம் கல்லூரி அணியில் பின்வரிசையில் ஆடிய இரண்டாம் ஆண்டு நண்பன் ஒருவனுக்கு இவ்வாண்டு நேர்ந்தது இதுவே. கார்னரிலிருந்து வந்த பந்து அவன் தோளில் பட்டு உள்ளே போயிற்று. ஒரு கோலில் தோற்றோம். உடற்கல்வி இயக்குநர் மறுநாளே அவனைப் பயிற்சிக்கு அழைத்தார். அவன்தான் வரவில்லை. விடுதியிலும் பேருந்து நிலையத்திலும் அவனுடைய சொந்தப் பெயர் மறைந்து 'சேம்சைடு' என்பதே நிலைத்துவிட்டது. இப்போது வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறான்.

இதை விளையாட்டுச் செய்தியாக மட்டும் என்னால் கருத முடியவில்லை. அவனும் என்னைப் போல் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவன். படித்தவர் உள்ள வீட்டில் ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார். எங்கள் வீடுகளில் அரியர் என்றால் என்னவென்றே தெரியாது. படிப்பு போயிற்று என்றுதான் புரிந்துகொள்வார்கள். பாதி ஆட்டம் மீதி இருக்கிறது என்று சொல்லும் நிப்ஸ் பிரைஸ் எங்கள் தெருவில் இல்லை. அதனால் ஒரு கேலிச்சொல் மற்றவர்களைவிட எங்களை எளிதில் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

என் அம்மா இவ்வூர்ப் பீங்கான் பட்டறையொன்றில் பொம்மை வார்க்கிறார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது கை முறிந்த பொம்மையை யாரும் குப்பையில் எறிவதில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடியும் களியாகிவிடும்; நாளைக்கு அதுவே பிள்ளையாரோ கிளியோ ஆகும். சூளையில் 600 டிகிரியைத் தாண்டிய பிறகு அது நடக்காது. களிமண்ணுக்குள் வேதிமுறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது என்று வகுப்பில் படிக்கிறோம். இருபது வயதில் நாம் யாரும் சூளைக்குப் போனவர்கள் அல்லர்.

புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் அணித் தேர்வு நடக்கும். அவனுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. பெயர் கொடுக்கச் சொல்லி அவனைத் தேடிப் போக நான்கு பேர் வேண்டும். விடுதியிலிருந்து இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.