பிள்ளை எங்கே வளர்கிறதோ, அட்டையும் அங்கே வரட்டும்

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்,
தேனாம்பேட்டை, சென்னை.



அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளை அம்மாவோடு வண்டலூரில் வாடகை வீட்டில் இருக்கிறது. அதன் பெயரோ விழுப்புரம் பக்கம் அப்பா வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது. ரேஷன் கார்டை வைத்துத்தான் யார் எந்தக் குடும்பம் என்று உங்கள் திட்டம் முடிவு செய்கிறது. அதனால் காப்பீட்டு அட்டையும் அங்கேயே இருந்துவிடுகிறது. நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளின் கையில் எதுவும் இல்லை. இதைச் சரிசெய்கிற அதிகாரம் உங்கள் அலுவலகத்திடம் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்தத் திட்டத்தின் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரோடு மறுபடி தொடங்கி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இணைந்தது. ஆட்சிகள் மாறியும் இது தொடர்கிறது. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் எத்தனையோ வீடுகளைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தில் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் விடுபட்டுப் போவதுதான் வலிக்கிறது.

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் மகன் மாடிப்படியில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அவள் தன் பெயரில் உள்ள அட்டையைக் காட்டினாள். "இதுல பையன் பேரே இல்லையேம்மா, அப்பா கார்டு கொண்டு வாங்க" என்றார்கள். மேசையில் இருந்தவரைக் குறை சொல்ல முடியாது; கணினி காட்டியதைத்தான் அவர் சொன்னார். பையனின் பெயரைத் தன் ரேஷன் கார்டில் சேர்க்க அவள் அதற்கு முன்பே முயன்றிருக்கிறாள். பழைய கார்டிலிருந்து பெயர் நீக்கச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நீக்கப் பார்த்தால், ஓ.டி.பி. அந்தக் கார்டில் பதிவு செய்த கைப்பேசிக்குத்தான் போகும். கைப்பேசி கணவரிடம் இருக்கிறது. இவள் எண்ணைப் பார்த்தாலே அவர் எடுப்பதில்லை. கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் அறுவை சிகிச்சை நடந்தது.

இயக்குநர் அவர்களே, அந்த ஓ.டி.பி.யைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் 5 லட்சம் ரூபாய் பாதுகாப்பு, மனம் கசந்து பிரிந்துபோன ஒருவர் அந்த எண்ணைச் சொல்வாரா மாட்டாரா என்பதில் தொங்குகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கார்டில் பெயர் குறைந்தால் அரிசி குறையும் என்று அவருடைய அம்மா தடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் பிள்ளைக்கு அட்டை இல்லை.

விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வரச் சொல்வதும் தீர்வாகாது. ஒருவரும் எதிர்க்காமல் சம்மதித்துப் பிரிவதற்கே இந்து திருமணச் சட்டம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. வழக்காடினால் வருடங்கள் ஓடும். எங்கள் பகுதியில் பிரிந்து வாழும் பெண்களில் பலர் கோர்ட் வாசலையே மிதிக்காதவர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. உடம்பு அதுவரை பொறுக்குமா? காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உங்கள் திட்டத்தில் உண்டு. அதை ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். காகிதம் சரியாகி வருவதற்குள் அந்த வயது தாண்டிப்போனால், பிறகு எந்தத் தீர்ப்பைக் காட்டியும் அதைத் திரும்பப் பெற முடியாது.

உணவு வழங்கல் துறை இதில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. கணவரைப் பிரிந்த பெண்ணிடம் விவாகரத்துத் தீர்ப்பு இல்லாவிட்டாலும், நேரில் விசாரித்து அவளுக்குத் தனிக் கார்டு கொடுக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் வழி செய்தார்கள். அவளோடு இருக்கும் பிள்ளைக்கும் அதே வழி தடையில்லாமல் கிடைக்க வேண்டும். அதுவரை உங்கள் திட்டம் ரேஷன் கார்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை வருமான வரம்பே இல்லாமல் சேர்த்துக்கொண்ட திட்டம் இது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கிய வெளிமாநிலத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டது. வாழ்க்கை விதிக்குள் அடங்காதபோது விதியைத் தளர்த்தியவர்கள் நீங்கள்தான்.

செலவு கூடும் என்று யாராவது சொல்லக்கூடும். 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு கட்டியது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கே அதில் இல்லை. அம்மாவின் அட்டையில் ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் அரசின் பிரீமியம் ஒரு ரூபாயும் ஏறாது. இரண்டு அட்டையிலும் பெயர் இருந்தால் ஒரே சிகிச்சைக்கு இரண்டு முறை பணம் கேட்பார்களோ என்றால், பிள்ளைக்கு ஆதார் ஒன்றுதானே? அந்த எண்ணில் ஒரு முறை அனுமதி கொடுத்தது உங்கள் கணினிக்கே தெரியும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அட்டை என்பது புதிதும் அல்ல. தொழிலாளர் காப்பீட்டுக் கழகமான ஈ.எஸ்.ஐ. 'பெஹ்சான்' அட்டை கொடுக்கத் தொடங்கியபோது தொழிலாளிக்கு ஒன்று, ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்று என இரண்டு அட்டை கொடுத்தது. மறைமலை நகர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

வருமானச் சான்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1,20,000 என்பது மாதத்துக்கு 10,000 ரூபாய். அம்மா அதற்குள்தான் சம்பாதிக்கிறாள். பிள்ளை அப்பா கார்டில் இருக்கும்வரை அப்பாவின் சம்பளமும் கணக்கில் ஏறுகிறது. அந்தச் சம்பளத்தில் இந்த வீட்டு உலை கொதிப்பதில்லை. பிள்ளையை வளர்ப்பவரின் வருமானத்தை மட்டும் பார்த்துச் சான்று கொடுக்கும்படி வருவாய்த் துறைக்கு நீங்கள் எழுத வேண்டும். வளர்ப்பவர் அப்பாவாகவோ பாட்டியாகவோ இருந்தாலும் இதே முறைதான் வேண்டும்.

பிள்ளைக்கு மருத்துவமும் அடிப்படைத் தேவை என்பதை நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்துக்கு நெறிமுறை வகுத்தபோது, பிள்ளையின் செலவில் உணவு, உடை, வீடு, படிப்போடு மருத்துவச் செலவையும் சேர்த்தது. அமெரிக்காவில் 1993 முதலே, பெற்றோர் பிரிந்த பிள்ளையைக் காப்பீட்டில் சேர்க்கும்படி உரிய நீதிமன்ற ஆணை வந்தால், அப்பாவோ அம்மாவோ வேலை பார்க்கும் நிறுவனத்தின் காப்பீடு அதை ஏற்றே ஆக வேண்டும். நம் நாட்டிலும் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். வெளிநாடு போவதற்குக் கொடுத்த வசதியைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மறுக்கலாமா?

நாங்கள் கேட்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, வி.ஏ.ஓ. சான்று, நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, இவற்றில் ஏதாவது ஒன்றையும் பிள்ளையின் ஆதாரையும் காட்டினால், வளர்ப்பவரின் அட்டையில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். மற்ற பெற்றோரின் ஓ.டி.பி. கேட்கக் கூடாது. அவசரச் சிகிச்சை என்றால் முதலில் அனுமதி கொடுத்துவிட்டு, காகிதத்தைப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாநிலம் முழுவதும் உடனே முடியாதென்றால் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்குங்கள். ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குடும்ப நல நீதிமன்றம் மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை பதிந்து கொடுக்கும் இடத்தில் வாரத்தில் ஒரு நாளை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். அது சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. அன்று போனால் கூலி போகாத பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வண்டலூர்வாசி ஒருவர்