கேஸ் போடுறவர் மேல கேஸ் போட்டா மட்டும் போதுமா?



ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. கிருஷ்ணன்கோவில், சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, தாணிப்பாறைன்னு வேன் வேனா மக்கள் போவாங்க. அந்த வேன்ல ஏறும்போது சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு என்னைக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பழைய ஆம்னி, வேன்கள் ஓடுறது நம்ம அடுப்படி சிலிண்டர் கேஸில்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடுவோம். காரை கேஸுக்கு மாத்துறது குற்றம் இல்லை. 2000-ஆம் ஆண்டே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அதற்கு அனுமதி கொடுத்தாச்சு. சென்னை ஆட்டோக்கள் பல வருஷமா கேஸில் ஓடுது. துருக்கி, போலந்து, தென் கொரியாவில் லட்சக்கணக்கான கார்கள் ஓடுது.

அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தணும். ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்தில் பதியணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும். இவ்வளவுதான் சட்டம்.

பிறகு வீட்டு சிலிண்டரில் என்ன ஆபத்து? வண்டிக்கான டேங்க் 80 சதவீதம் நிறைஞ்சதும் வால்வு தானா மூடிக்கும். திரவ கேஸ் சூட்டில் விரியும், அதுக்கு இடம் வேணும். சிலிண்டரைக் கவிழ்த்து மோட்டார் வச்சு ஏத்துறப்ப அந்தக் கணக்கெல்லாம் யார் பார்க்குறா? கசிஞ்சாலும் மேலே பறந்து போயிடாது. காற்றைவிடக் கனமான வாயு அது. வண்டித் தரையிலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

சரி, ஓட்டுறவர் ஏன் இதைச் செய்றார்? திமிரா? இல்லை தோழர்களே, வயித்துப்பாடு. சேலை மூட்டை ஏத்துறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்துறவர் எல்லாருக்கும் பெட்ரோல் விலை கழுத்தை நெரிக்குது. நேர்வழியில் போகலாம்னா, கேஸ் பங்க் எங்கே? உங்க ஊரில் இருந்து எத்தனை கிலோமீட்டர்னு நீங்களே எண்ணிப் பாருங்க. போதாக்குறைக்கு, வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வண்டி கேஸுக்கு 18 சதவீதம். நேர்மையா ஓட்டுறவருக்குக் கூடுதல் வரி! பெட்ரோலில் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிற வண்டி, கேஸில் ஏழரை லிட்டர் வரை குடிக்கும். அதுக்கு மேல வரியும் ஏறினா மிச்சம் என்ன?

வீட்டு சிலிண்டரை வண்டிக்கு மாத்தினா அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் 7 வருஷம் வரை சிறை. அந்தச் சட்டம் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஏழை டிரைவரைப் பிடிச்சுட்டு, வழியை அடைச்சு வச்சவங்க கைகழுவிட முடியாது.

அதனால் நாம் கேட்பது:

1. வண்டி கேஸுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆகணும். ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலமும் ஒன்றியமும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கு. ஒருத்தரை ஒருத்தர் கை காட்டித் தப்பிக்கக் கூடாது.

2. தாலுகாவுக்கு ஒரு கேஸ் பங்காவது வேணும்.

3. ஆட்டோ, வேன் ஓட்டி பிழைக்கிறவங்களுக்குக் கிட் மாத்த மானியமும், குறைந்த வட்டிக் கடனும் வேணும்.

அதுவரைக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க அண்ணனோ மாமாவோ வீட்டு சிலிண்டரில் வண்டி ஓட்டினா, திட்டாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்க. "பெட்ரோல்லயே ஓட்டுங்கண்ணே, கிட் மாத்த நாங்க குரல் கொடுக்குறோம்"னு சொல்லுங்க. அந்த வண்டியில் நாளைக்கு ஏறப்போறது நம்ம வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இது போய்ச் சேரணும். பகிருங்கள் தோழர்களே!

#பாதுகாப்பான_கேஸ்_எங்கள்_உரிமை