பாலம் இருக்கிறது, வழி இல்லை

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தமிழ்நாடு ஆவலோடு எதிர்பார்க்கும் செய்தி ஒன்று உண்டு. கபினி நிரம்பியது, உபரிநீர் திறக்கப்பட்டது என்பதுதான் அது. மேட்டூரில் நீர்மட்டம் உயரும். டெல்டா விவசாயிக்கு நம்பிக்கை பிறக்கும். ஆனால் அதே தண்ணீர் வழியில் கடந்து வரும் நஞ்சன்கூட்டில் இந்தச் செய்திக்கு அர்த்தமே வேறு: இனி சாலை எப்போது மூழ்குமோ?

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. கன்னடர்கள் கபிலா என்றும் அழைக்கும் கபினி கோயிலருகே ஓடுகிறது. மைசூரிலிருந்து ஊட்டிக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்லும் நெடுஞ்சாலை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. 2018, 2019 பருவமழைகளின்போது மல்லனமூலை மடத்தருகே அந்தச் சாலை நீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது.

அணைப் பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; கபினியுடையதோ 19.52 மட்டுமே. வயநாட்டில் சில நாள் மழை கொட்டினால் போதும், மதகுகளைத் திறந்தே தீரவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆற்றைக் கடப்பது இங்கே என்றோ தீர்ந்துவிட்ட பிரச்சினை. 1735-இல் தளவாய் தேவராஜர் காலத்தில் கட்டிய கல்பாலம் இன்னும் நிற்கிறது. பின்னாளில் மீட்டர் கேஜ் ரயிலும் சாலையும் அதன் மீது பக்கம்பக்கமாகச் சென்றன. அகலப்பாதை வந்ததும் ரயிலுக்குத் தனிப் பாலம் கிடைத்தது. ஆக, பாலத்துக்குப் பஞ்சமில்லை. மூழ்குவது பாலத்துக்குப் போகும் தாழ்வான சாலைதான்.

சுற்றுலாப் பயணிக்கு இதனால் ஒரு நாள் பயணம் கெடும், அவ்வளவுதான். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு தொழிற்பேட்டைக்கு வரும் தொழிலாளிக்கோ அன்றைய கூலி போகிறது. மைசூர் மருத்துவமனைக்குப் புறப்பட்ட நோயாளி சுற்றுவழியில் போயாக வேண்டும். காய்கறி லாரி நின்ற இடத்திலேயே சரக்கு வாடுகிறது.

வெள்ளம் எங்கே ஏறும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாழ்வான பகுதியைத் தண்ணீருக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி, அடியில் வெள்ளம் ஓட வழி விடுவதே நிரந்தரத் தீர்வு. 1735-இல் ஆற்றின் குணம் அறிந்து கட்டியவர்களுக்கு இருந்த அக்கறை இன்றைய அரசுகளுக்கும் வேண்டும். அடுத்த முறை கபினி திறப்பைக் கொண்டாடும்போது, அந்தத் தண்ணீருக்கு வழிவிட்டு நிற்கும் நஞ்சன்கூட்டையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.