டி.என்.ஏ படிக்க காசு இல்லையாம்!

பி.காம் படிக்கிற செஞ்சிக்காரனுக்கு டி.என்.ஏ-ல என்ன வேலைன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா இது உயிரியல் சண்டை இல்லை, கணக்குச் சண்டை. அதனாலதான் நான் உள்ளே வர்றேன்.

என் நண்பர்கள் சிலர் பயோடெக் படிக்கிறாங்க. காலேஜ் பேர் வேண்டாம். மூணு வருஷத்துல ஒரு டி.என்.ஏ வரிசையைக்கூட அவங்க சொந்தக் கையால கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தது கிடையாது. ப்ரொஜெக்டர்ல நாலு ஸ்லைடு, ரெக்கார்டு நோட்டுல ஒரு ஸ்க்ரீன்ஷாட், அவ்வளவுதான் "பிராக்டிகல்". ஏன்னு கேட்டா ரெடியா ஒரு பதில் வெச்சிருக்காங்க: "சாஃப்ட்வேர் வாங்க ஃபண்டு இல்லை."

சரி, கணக்கைப் பார்ப்போம்.

காசநோய்க் கிருமியோட முழு டி.என்.ஏ வரிசை 1998-லயே வெளியாகிடுச்சு. எச்37ஆர்வி-ன்னு அந்த ரகத்துக்குப் பேரு. சுமார் 44 லட்சம் எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுன்னு வெச்சாலும் நாலரை எம்.பி. ஒரு சினிமாப் பாட்டு அளவு! விலை? சுழியம். ஜென்பேங்க்ல யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம்.

அதைத் திறந்து பார்க்கிற சாஃப்ட்வேர்? இங்கிலாந்தோட சாங்கர் நிறுவனம் எழுதின ஆர்டிமிஸ், இலவசம். ரஷ்யாவோட நோவோசிபிர்ஸ்க்ல எழுதின யூஜீன், அதுவும் இலவசம். ரெண்டுமே விண்டோஸ்லயும் ஓடும், லினக்ஸ்லயும் ஓடும். ஒரு தடவை பென்டிரைவ்ல ஏத்திட்டா, நெட் இல்லாத லேப்லயும் வேலை நடக்கும். நம்ம ஊர் நெட் இருக்கிற அழகுக்கு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்தான் சரி :-)

ஆக மொத்தச் செலவு சுழியம். இதுக்கு எந்த ஃபண்டு வேணும்?

இதுல இன்னொரு கூட்டம் இருக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை கிராக் பண்ணிப் போட்டுட்டு "எங்க லேப் ஹைடெக்"னு பெருமை பேசுவாங்க. கிராக் கூடவே வைரஸும் வரும். அதை வெச்சுச் செஞ்ச வேலையைப் புராஜெக்ட்ல எழுதும்போது எந்த சாஃப்ட்வேர்னு தலை நிமிர்ந்து சொல்லவும் முடியாது. இலவசமா, நேர்மையா ஒண்ணு கிடைக்கும்போது திருடுறதுக்கு என்ன அவசியம்?

அடுத்து, குறிப்பு எழுதுறதுன்னா என்னன்னு என் காமர்ஸ் மக்களுக்குச் சொல்லிடறேன். டி.என்.ஏ ஒரு இரட்டைப் பதிவுக் கணக்கு. இந்தப் பக்கம் ஏ இருந்தா அந்தப் பக்கம் டி, இந்தப் பக்கம் ஜி இருந்தா அந்தப் பக்கம் சி. ஒரு பக்கம் தெரிஞ்சா மறு பக்கத்தை எழுதிடலாம். ஆனா வெறும் எண்களை மட்டும் எழுதி வெச்ச பேரேட்டால யாருக்கு என்ன பிரயோஜனம்? எந்த வரவு எதுக்கு வந்ததுன்னு கீழே ஒரு வரி எழுதினாத்தான் அது கணக்கு. "இந்த எழுத்துல இருந்து இந்த எழுத்து வரைக்கும் ஒரு ஜீன், அதோட வேலை இது"ன்னு எழுதற அந்த வரிதான் இங்கே குறிப்பு.

"அதையெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுக் கொடுத்துடுமே"ன்னு ஒரு வாதம் வரும். டாலியில என்ட்ரி போட்டா கூட்டல் அதுவே வரும். அதுக்காக ஆடிட்டர் வேண்டாம்னு யாராவது சொல்றாங்களா? ஜீன் பெரும்பாலும் ஏ-டி-ஜி-ங்கிற மூணு எழுத்துல ஆரம்பிக்கும். ஆனா காசநோய்க் கிருமியில ஜி-டி-ஜி-ல ஆரம்பிக்கிற ஜீன்களும் நிறைய. எது உண்மையான ஆரம்பம்ங்கிறதுல சாஃப்ட்வேர் தடுமாறும், மனுஷன்தான் பார்த்து முடிவு பண்ணணும். 1998-ல சுமார் 40 சதவீத ஜீன்களுக்குத்தான் வேலை என்னன்னு திட்டமா எழுத முடிஞ்சுது. 2002-ல அதே வரிசையைத் திரும்பப் பார்த்தப்போ புதுசா 82 ஜீன்களைச் சேர்த்தாங்க. எழுத்து அதேதான், படிச்ச கண்தான் வேற.

"டிகிரி பசங்களால இதெல்லாம் ஆகுமா?" ஆச்சே! 2008-ல சி.எஸ்.ஐ.ஆர் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் டிரக் டிஸ்கவரி திட்டத்துல, 2010 வாக்குல 'கனெக்ட் டு டீகோட்'னு ஒரு முயற்சி நடந்தது. மாணவர்களும் ஆய்வாளர்களுமா நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து, இதே காசநோய்க் கிருமியோட ஜீன்களைப் பத்தி வந்த கட்டுரைகளைப் படிச்சுக் குறிப்பு எழுதினாங்க. அந்த வேலையில இருந்து 2012-ல பிளாஸ் ஒன் இதழ்ல கட்டுரையே வந்தது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? ஒரே ஒரு எழுத்தைச் சொல்றேன். அந்தக் கிருமியில ஆர்.பி.ஓ.பி-ன்னு ஒரு ஜீன். அதுல ஒரு இடத்துல டி-சி-ஜி இருக்கணும். நடுவுல இருக்கிற சி மாறி டி-டி-ஜி ஆயிட்டா ரிஃபாம்பிசின் மாத்திரை வேலை செய்யாது. நோயாளி பாவம், மாத்திரையை முழுங்கிட்டே இருப்பார், நோய் குறையாது. அரசு மருத்துவமனைகள்ல இருக்கிற ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின், இந்த ஜீனோட 81 எழுத்துப் பகுதியில மாற்றம் இருக்கான்னுதான் பார்க்குது. அந்த ரிப்போர்ட்டைக் கையில வாங்கப் போற லேப் டெக்னீஷியன் நாளைக்கு யாரு? இன்னைக்கு ஸ்க்ரீன்ஷாட் ஒட்டிட்டு இருக்கிற அதே பையன்தான்.

நம்ம மல்லாட்டைக்கு வாங்க. பக்கத்துத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தோட டி.எம்.வி 2 ரகம் 1940-ல வந்தது. டி.எம்.வி-ன்னா திண்டிவனம்! பயிரிடுற மல்லாட்டையோட முழு வரிசை 2019-ல வெளியாச்சு, சுமார் 250 கோடி எழுத்து. முழுசையும் சாதா லேப்டாப்ல திறக்க முடியாதுதான். ஆனா ஒரு ஜீன் இருக்கிற துண்டை மட்டும் எடுத்துத் தாராளமா பார்க்கலாம். மல்லாட்டை வித்த காசுல ஃபீஸ் கட்டற பிள்ளைங்களுக்கு அதைக் காட்ட ஒரு மதிய நேரம்கூடக் கிடைக்கலையா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. செமஸ்டருக்கு ரெண்டு பிராக்டிகல். ஆளுக்கு ஒரு ஜீன். திறக்கணும், ஆரம்பமும் முடிவும் குறிக்கணும், ஏன் அங்கே குறிச்சேன்னு ஒரு வரி எழுதணும். பரீட்சைக்கும் அதையே கேக்கணும்.

பத்து ரூபாய் செலவில்லாத வேலையை "ஃபண்டு இல்லை"ன்னு தள்ளிப் போட்டா, எங்க பாஷையில அதுக்குப் பொய்க்கணக்குன்னு பேரு.