எண்ணெய் தேய்க்க மறுத்தார்கள்

காற்பந்து என்றதும் உருண்டைப் பந்துதான் நம் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் வேறொரு காற்பந்து உண்டு. பந்தும் முட்டை வடிவம், திடலும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆனால் எறியக்கூடாது, உதைக்க வேண்டும், அல்லது முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். எகிறிப் பிடிக்கும் நெட்டையர்களுக்கு வாய்ப்பான ஆட்டம். இதில் 5 அடி 2 அங்குலமே இருந்த ஒருவர் பெயரெடுத்தார். அவர் டக் நிக்கல்ஸ்.

1906இல், மர்ரே ஆற்றங்கரையிலுள்ள கம்மராகஞ்சா என்னும் பழங்குடியினர் குடியிருப்பில் பிறந்தவர். 8 வயதில் தம் கண்ணெதிரே நடந்ததை அவர் மறக்கவே இல்லை. போலீஸ்காரர்கள் வந்து, 16 வயது அக்காளை வீட்டு வேலைக்குப் பழக்குவதற்காக வலுக்கட்டாயமாகக் கொண்டு போனார்கள். அன்றைய அரசாங்கச் சட்டம் அப்படி! சில ஆண்டுகளில் இவரும் வேலைக்குப் போய்விட்டார். ஆட்டு ரோமம் வெட்டும்போது தோல் கிழிந்தால், காயத்தில் தார் பூசும் பையன் வேலை.

1920களில் மெல்பர்னுக்கு வந்து, புகழ்பெற்ற கார்ல்டன் கழகத்தில் சேர முயன்றார். ஆட்டக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் ஆட்கள் அங்கே இருந்தார்கள். கறுப்பு உடம்பு, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி, இவரைத் தொட மறுத்துவிட்டார்கள். கால் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தால்தான் என்ன?

நார்த்கோட் கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது; அவ்வூர் நகராண்மைக் கழகத்தில் வேலையும் கிடைத்தது. 1929இல் அக்கழகம் வெற்றிக் கிண்ணம் வென்றபோது இவரும் அதில் ஆடினார்.

1932இல் பெரிய லீக்கில் ஆடும் ஃபிட்ஸ்ராய் கழகத்துக்குப் போனார். பழைய அனுபவம் இருக்கிறதல்லவா? உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்தார். அங்கே ஹேடன் பன்டன் இருந்தார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை பெற்றவர், வெள்ளைக்காரர். அவர் எழுந்து வந்து, நிக்கல்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து தம் உடையை மாற்றினார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நிக்கல்ஸ் அக்கழகத்துக்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935இல் விக்டோரியா மாநிலக் குழுவிலும் இடம் பிடித்தார்.

ஆட்டம் முடிந்தபின் மதபோதகரானார். தம் மக்களின் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசினார். பழங்குடி மக்களையும் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணலாமா என்று 1967இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தபோது, ‘ஆம்’ என்று சொல்லும்படி கேட்டு உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ‘ஆம்’ என்றார்கள்.

1972இல் ‘சர்’ பட்டம். 1976 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர். அந்நாட்டில் அப்பதவியில் அமர்ந்த முதல் பழங்குடியினர் இவரே. உடல்நலம் கெட்டதால் ஐந்தே மாதத்தில் விலகினார்.

1988 ஜூனில் காலமானார். ஆளுநர் மாளிகையில் இருந்தவரை, அவர் பிறந்த கம்மராகஞ்சா மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.